மாடியில் இரண்டு, கூடத்தில் இரண்டு: ஒன்பது வருடப் பிளாஸ்டிக் நாற்காலி அனுபவம்

2016 ஆடியில், வேலூர் லாங்கு பஜாரில் ஒரே கடையில் நான்கு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலிகள் வாங்கினோம். இரண்டைக் கூடத்தில் போட்டோம். மற்ற இரண்டும் மொட்டை மாடிக்குப் போயின, சாயங்காலம் அப்பா காற்று வாங்க. கூடத்து நாற்காலிகள் ஒன்பது வருடமாகியும் அப்படியே இருக்கின்றன. மாடி நாற்காலிகளில் ஒன்று, ஆறாவது கத்திரியில் அப்பா சாய்ந்து உட்கார்ந்தபோது பின்கால் முறிந்து விழுந்தது. முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. இடுப்பில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் பயமாக இருக்கிறது.

முறிந்தது ஒரு நொடியில்தான். ஆனால் அதற்கு முன் மூன்று வருடம் அடையாளம் காட்டிக்கொண்டே இருந்தது. முதலில் மேல்பக்கம் வெளிறி ரோஸ் நிறமானது. அடுத்த வருடம் தடவினால் கையில் வெள்ளைப் பொடி ஒட்டியது. அப்புறம் இருக்கை முழுக்க மயிரிழைக் கீறல்கள், வலை பின்னியது போல. கவிழ்த்துப் பார்த்தால் அடிப்பக்கம் மட்டும் வாங்கிய நாளின் சிவப்பு.

கடைக்காரரிடம் சொன்னேன். "வெயில்ல போட்டா அப்படித்தான் ஆவும் சார்" என்றார். உண்மைதான். ஆனால் வெயில் உள்ளே போய் என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் எதை எங்கே வைப்பது என்ற தெளிவு எனக்கு வந்தது.

நாற்காலி பாலிபுரோப்பிலீனால் ஆனது. அதன் மூலக்கூறுகள் நீளநீளமான சங்கிலிகள். உருக்கி ஊற்றிய பிளாஸ்டிக் அச்சில் ஆறும்போது, சங்கிலிகள் புடவைக் கொசுவம் போல முன்னும் பின்னுமாக மடிந்து மெல்லிய தகடுகளாகின்றன. ஒரு தகட்டின் தடிமன் சுமார் 10 நானோமீட்டர். இவைதான் படிகப் பகுதி. தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே சிக்குப்பட்ட நூல் மாதிரி ஒழுங்கில்லாத பகுதி. சில சங்கிலிகள் ஒரு தகட்டில் மடிந்து, இந்தச் சிக்கைக் கடந்து, பக்கத்துத் தகட்டிலும் போய் மடிந்திருக்கும். தகடுகளைச் சேர்த்துக் கட்டும் கயிறு இவையே. நாம் உட்காரும்போது பாரத்தைத் தாங்குவதில் இவற்றின் பங்கு பெரிது.

நெருக்கமான படிகத்துக்குள் ஆக்சிஜன் எளிதில் நுழையாது. சிக்குப் பகுதிக்குள் நுழையும். வெயிலின் புற ஊதாக் கதிர் கிளப்பிவிடும் வினை, அந்த ஆக்சிஜனோடு சேர்ந்து, கட்டுக்கயிறு இருக்கும் இடத்திலேயே சங்கிலிகளை அறுக்கிறது. அறுந்த துண்டுகள் சும்மா இருப்பதில்லை. பிடி விட்டதும் பக்கத்துத் தகட்டில் போய் ஒட்டி அவையும் படிகமாகின்றன. படிகம் அடர்த்தி கூடியது என்பதால் மேல்தோல் சுருங்குகிறது; உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் சுருங்குவதில்லை. ஏரி வற்றும்போது மேல்சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அதேதான் எங்கள் இருக்கையிலும் நடந்தது. கையில் ஒட்டிய பொடி, சிதைந்த மேல்தோலும் அதற்குள் கலந்திருந்த நிறமியும்.

ஒரு கீறல் விழுந்துவிட்டால் அதன் நுனியில் பாரம் குவியும். காலும் இருக்கையும் சேரும் மூலையோ ஏற்கெனவே பாரம் குவியும் இடம். நாற்காலி சரியாக அங்கேதான் முறிந்தது.

வெயிலே படாமலும் விரிசல் வரும். குளியலறையில் எப்போதும் சோப்புத்தண்ணீர் பிடித்து வைத்திருந்த எங்கள் பாலிஎத்திலீன் குடம், கீழே விழாமலேயே அடிவளைவில் கசிய ஆரம்பித்தது. சோப்பு சங்கிலியை அறுப்பதில்லை. இழுவிசை இருக்கும் இடத்தில் சிக்குப் பகுதிக்குள் ஊறி, கட்டுக்கயிறுகள் தகட்டிலிருந்து மெல்ல உருவிக்கொள்ள வழிவிடுகிறது. பாலிஎத்திலீனுக்கு இதற்கென்றே ஒரு சோதனை உண்டு: கீறிய பட்டையை வளைத்து, 50 டிகிரிச் சோப்புத் திரவத்தில் ஊறவைத்துப் பார்ப்பார்கள். இப்போது சோப்புத்தண்ணீருக்கு அலுமினிய வாளி.

மாடியில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி மட்டும் 2012 முதல் அசையாமல் உழைக்கிறது. அதில் கலந்த கரித்தூள் புற ஊதாவை மேலேயே விழுங்கிவிடுகிறது.

மிச்சமிருந்த மாடி நாற்காலியைப் பழைய பிளாஸ்டிக் எடுக்கும் வண்டிக்காரரிடம் கொடுத்துவிட்டேன். புதியதை யுவி ஸ்டெபிலைசர், அதாவது புற ஊதாவின் வேலையைத் தடுக்கும் மருந்து, சேர்த்ததா என்று கேட்டு வாங்கினோம். அந்த மருந்தும் வருடப்போக்கில் தீர்ந்துபோகும் என்பதால், பகலில் அது மாடிப்படி நிழலில்தான் இருக்கும். சாயங்காலம் அதை இழுத்துப் போடும்போது அப்பா உள்ளங்கையால் இருக்கையை ஒருமுறை தடவி, கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு உட்காருகிறார்.