காவேரி, டேங்கர், காயின் தண்ணி, கேன்: பெங்களூரில் ஆயிரம் லிட்டர் என்ன விலை?

பெங்களூரில் தண்ணீரைத் தனியாருக்குக் கொடுக்கலாமா, கூடாதா என்று விவாதம் கிளம்பும்போதெல்லாம் எனக்குச் சிரிப்புதான் வரும். ஹொரமாவு, வர்த்தூர், சர்ஜாபூர் ரோடு என்று ஓரத்தில் குடியேறிய நம் ஆட்களில் பலர் தனியாரிடம்தான் வருஷக்கணக்காகத் தண்ணீர் வாங்குகிறார்கள். ஒப்பந்தம் கிடையாது, மீட்டர் கிடையாது, ரசீதும் பெரும்பாலும் கிடையாது. சரி, நாலு வழிகளையும் ஆயிரம் லிட்டர் என்ற ஒரே கணக்கில் வைத்துப் பார்ப்போம்.

முதலில் காவேரிக் குழாய். தொரேகாடனஹள்ளி நீரேற்று நிலையத்திலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தூரம், கிட்டத்தட்ட 500 மீட்டர் உயரம் ஏற்றிக் கொண்டுவரும் தண்ணீர் இது. குடிநீர் வாரியத்தின் செலவில் பெரிய பங்கை மோட்டார் ஓடும் மின்சாரம் தின்றுவிடுகிறது. அப்படி வரும் தண்ணீர் வீட்டுக்கு என்ன விலை? 2014இல் வைத்த கட்டணப்படி முதல் 8,000 லிட்டர் வரை ஆயிரத்துக்கு 7 ரூபாய். அடுத்து 25,000 வரை 11, அதன்பின் 50,000 வரை 26, அதற்கும் மேலே போனால் 45. இந்த விலை பத்து வருஷத்துக்கும் மேல் அப்படியே கிடந்து, 2025 ஏப்ரலில்தான் லிட்டருக்கு 0.15 பைசா முதல் 1 பைசா வரை ஏறியது. ஏறிய பிறகும் முதல் படியில் (அந்த 8,000 லிட்டர் வரை) ஆயிரம் லிட்டர் ஒரு டீ விலையைத் தாண்டவில்லை.

மலிவுதான், ஆனால் இரண்டு சிக்கல். வீட்டுக்கு ஊற்றும் தண்ணீரில் வாரியத்துக்கு நஷ்டம் என்றால், புதுத் தெருவுக்குக் குழாய் நீட்ட அதற்கு என்ன ஆர்வம் இருக்கும்? மலிவு விலையின் லாபம் ஏற்கெனவே குழாய் உள்ள ஜெயநகர்க்காரருக்குப் போய்விடுகிறது, இல்லாதவர் டேங்கரைத் தேடுகிறார். இரண்டாவது சிக்கலை யாரும் பேசுவதில்லை. எஜிபுராவிலோ லிங்கராஜபுரத்திலோ ஒரே கட்டடத்தில் நாலு குடித்தனம், ஓனர் பெயரில் ஒரே மீட்டர் என்பது சகஜம். பழைய விலையிலேயே கணக்குப் போடுகிறேன், புரிய எளிது. தனி மீட்டரில் மாதம் 12,000 லிட்டர் எடுக்கும் குடும்பத்துக்குத் தண்ணீர்க் கட்டணம் சரியாக 100 ரூபாய். அதே அளவு எடுக்கும் நாலு குடும்பம் ஒரே மீட்டரில் இருந்தால் மொத்தம் 48,000 லிட்டர், கட்டணம் 841 ரூபாய், குடும்பத்துக்கு 210. ஏழைக்குச் சலுகை என்று வைத்த படிமுறை, நெருக்கி வாழ்கிறவர்களிடம் இரட்டிப்பாக வாங்குகிறது!

அடுத்து டேங்கர். 2024 கோடையில் பெங்களூரின் சுமார் 13,900 போர்வெல்லில் 6,900 வற்றிவிட்டதாக முதல்வர் சித்தராமையாவே சொன்னார் என்று செய்தி வந்தது நினைவிருக்கும். டேங்கர் விலை தலைகால் புரியாமல் ஏறியதும் மாவட்ட நிர்வாகம் மார்ச் மாதம் உச்சவிலை வைத்தது: ஐந்து கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டர் 600 ரூபாய், 12,000 லிட்டர் 1,000 ரூபாய். அதாவது அப்போது சட்டப்படியான விலையே ஆயிரத்துக்கு 83 முதல் 100. 2025இல் ஏறிய காவேரி முதல் படி விலையோடு ஒப்பிட்டாலும் பத்துப் பன்னிரண்டு மடங்கு. பெரிய சம்ப் (தரையடித் தொட்டி) உள்ளவருக்குப் பெரிய வண்டி, குறைந்த விலை. சின்னச் சம்ப்காரருக்குச் சின்ன வண்டி, கூடுதல் விலை.

இதில் இறைத்து விற்பவர் தண்ணீருக்கென்று பெரும்பாலும் காசு கொடுப்பதில்லை என்பதுதான் வேடிக்கை. நிலம் யாருடையதோ அடியில் உள்ள நீரும் அவருடையது என்ற பழைய சட்டத்தின் நிழலில், தோட்டத்தில் ஆயிரம் அடி போர் போட்டவர் இறைத்து விற்கிறார். அந்த இறைப்பில் பக்கத்துக் கட்டடத்தின் போர் வற்றினால், அவர்களும் அவருடைய வாடிக்கையாளர்கள் ஆகிறார்கள். தன் சரக்கைத் தானே தட்டுப்பாடாக்கி விலையேற்றும் வியாபாரம் வேறு எங்கே உண்டு?

காசு போட்டால் வடிகட்டிய தண்ணீர் தரும் காயின் மெஷினைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 20 லிட்டர் ஐந்து ரூபாய், சில ஏரியாவில் பத்து. ஆயிரத்துக்கு 250 முதல் 500. போர் தண்ணீரை வடிகட்டும்போது கணிசமான பங்கு கழிவாக ஓடுகிறது, ஃபில்டர் எப்போது மாற்றினார்கள் என்று கேட்டால் பதில் வராது. கேன் தண்ணீர் 20 லிட்டர் 40 ரூபாய் என்று வைத்தால் ஆயிரத்துக்கு 2,000.

ஆனால் கேன்காரரைக் கொள்ளைக்காரர் என்று திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. குடிக்கவும் சமைக்கவும் மாதம் பதினைந்து கேன் போனாலும் 600 ரூபாய். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ 12,000 லிட்டரை அந்த உச்சவிலைக்குச் சின்ன டேங்கரில் வாங்கினால் 1,200. லிட்டர் விலையில் கேன்தான் உச்சம், மாதக் கணக்கில் வலிப்பது டேங்கர்.

குழாய்த் தண்ணீரை நடத்தத் தனியாரிடம் ஒப்பந்தம் போடுவது என்ற ஐந்தாவது வழியும் உண்டு. ஹூப்ளி-தார்வாட், பெல்காம், குல்பர்கா மூன்றிலும் சில வார்டுகளில் வெயோலியா நிறுவனம் 24 மணி நேரமும் தண்ணீர் விட்டுக் காட்டியது. அங்கே குழாயும் கட்டண நிர்ணயமும் அரசிடமே இருந்தன, கம்பெனிக்கு நடத்துவதற்கான கூலி. நல்லதோ கெட்டதோ, கேள்வி கேட்க ஒப்பந்தம் என்று ஒரு காகிதமாவது இருந்தது. டேங்கர்காரரிடம் அது இல்லை. இந்த இரண்டில் ஒன்றுதான் என்றால் நான் காகிதத்தின் பக்கம். ஆனால் அதற்கும் முன்னால், குழாய் விலையைக் கொஞ்சம் ஏற்றி, அந்தக் காசில் இணைப்பு இல்லாத தெருவுக்குக் குழாய் போடுவதே நியாயமாகப் படுகிறது.

தண்ணீரே இல்லை என்ற சாக்கும் முன்போல எடுபடாது. 2024 அக்டோபரில் திறந்த காவேரி ஐந்தாம் கட்டம், நகரத்தோடு சேர்ந்த 110 கிராமங்களுக்கென்று நாளைக்கு 77.5 கோடி லிட்டர் கொண்டுவருவதற்கானது. (இதை ஊரில் சித்தப்பாவிடம் சொன்னால் மேட்டூர் அணையை ஞாபகப்படுத்துவார், அது வேறு பஞ்சாயத்து.) இணைப்புக்கு முன்பணம் கட்டவேண்டியவர் ஓனர், டேங்கர் செலவைச் சுமப்பவரோ வாடகைக்காரர். ஓனருக்கு என்ன அவசரம்? எனவே அந்தப் பக்கம் வீடு பார்க்கிறவர்கள் அட்வான்ஸ் பேசும்முன் மூன்றைக் கேளுங்கள்: காவேரி இணைப்பு இருக்கிறதா, ஒரு மீட்டருக்கு எத்தனை குடித்தனம், டேங்கர் வந்தால் காசு யார் கொடுப்பது.