மஞ்சள் கேப்சூலும் ஒரு துண்டுச் சீட்டும்

தர்மபுரி பேருந்து நிலையத்துக்கு அருகில் உள்ள ஒரு நாட்டு மருந்துக் கடையில், மஞ்சளின் சத்தான குர்குமின் கேப்சூல் இரண்டு குப்பி வாங்கினேன். குப்பிக்கு அறுபது, விலை 1,450 ரூபாய். மைத்துனருக்காக வாங்கியது. பெங்களூரில் அறுவை சிகிச்சை முடிந்து, கட்டி கிளையோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்று என்று முடிவு வந்ததிலிருந்து வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள்.

"அதியமான் ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனி மாதிரி சார்" என்றார் கடைக்காரர். தகடூர்க்காரனிடம் இதைச் சொன்னால் மறுபேச்சு ஏது? குப்பியோடு ஒரு துண்டுச் சீட்டும் தந்தார்: 'மூளைப் புற்றுச் செல்களை அழிப்பது ஆய்வில் நிரூபணம்.'

சரக்கு பரவாயில்லை. பள்ளியில் முப்பது வருடம் வேதியியல் நடத்தியவன் என்பதால் கை சும்மா இருக்கவில்லை. ஒன்றைப் பிரித்துச் சுண்ணாம்பு நீரில் கொட்டினேன். ஆரத்தித் தட்டுபோலச் சிவந்தது. மஞ்சள் இருக்கிறது. சொன்ன 95 சதவீதக் குர்குமின் இருக்கிறதா என்று சுண்ணாம்பு சொல்லாது. வேட்டியில் பட்ட கறைதான் இன்னும் போகவில்லை.

கோளாறு சீட்டில் இருக்கிறது. அதில் இருப்பது முழுப் பொய்யில்லை. இந்தப் புற்றுச் செல்களை 37 டிகிரியில் ஆய்வகத் தட்டில் வளர்த்து, கரைத்த குர்குமினை நேராக மேலே ஊற்றினால் அவை சாகத்தான் செய்கின்றன. ஆனால் வாயில் போடுவது அந்தத் தட்டுக்குப் போவதில்லை. தண்ணீரில் கரையாது, குடல் சரியாக உறிஞ்சாது. உறிஞ்சிய கொஞ்சத்தையும் கல்லீரல் உருமாற்றி வெளியே தள்ளிவிடும். அதையும் தாண்டினால் மூளையின் ரத்த நாளச் சுவர் காவல் நிற்கிறது. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் செய்து 1998-இல் வெளியான ஆய்வில், 2 கிராம் சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் அது ஏறக்குறையத் தென்படவே இல்லை. மிளகிலுள்ள பிப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்தபோது உறிஞ்சப்படுவது ஏறக்குறைய 20 மடங்கு கூடியது. இந்தக் குப்பியிலும் மிளகுச் சத்து சேர்த்திருப்பது அதனால்தான்.

அதைப் படித்தபோதுதான் எனக்குத் திக்கென்றது. மைத்துனர் வலிப்புக்கு ஃபெனிடாயின் சாப்பிடுகிறார். பிப்பரின் அந்த மருந்தின் அளவையும் ரத்தத்தில் ஏற்றிவிடும். ஏறினால் தலை சுற்றும், நடை தள்ளாடும். கட்டி மறுபடி வளர்ந்துவிட்டது என்று என் மனைவி அழுது தீர்த்திருப்பாள். "வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார்?" என்று கடையில் ஒரு வார்த்தை கேட்கவில்லை; குப்பியிலும் எச்சரிக்கை இல்லை. மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்தேன். கேப்சூல் வேண்டாம், ரசத்தில் போடுகிற மஞ்சளும் மிளகும் போதும் என்றார். புற்றுக்கான மருந்து டெமோசோலமைடு தொடர்கிறது.

திறக்காத குப்பியைத் திருப்பிக் கொடுத்தேன். கடைக்காரர் சண்டை போடவில்லை. பணமும் தரவில்லை, அந்த மதிப்புக்குச் சாமான் எடுத்துக்கொள்ளச் சொன்னார். கடுக்காய், சீயக்காய், கஸ்தூரி மஞ்சள் என்று ஒரு பை நிறைய எடுத்து வந்தேன். சீயக்காய் அருமை, தூசி துளியும் இல்லை.