பென்ஷனில் கை வைப்பதா, பத்திரக்காரரிடம் கை விரிப்பதா?

நகரமே திவாலானால் கஜானாவில் மிஞ்சியதை முதலில் யாருக்குக் கொடுப்பது? பென்ஷன்காரருக்கா, கடன் பத்திரம் வாங்கியவருக்கா? நம் நாட்டில் மாநகராட்சிகளுக்கென்று தனித் திவால் சட்டம் இல்லை. மதுரை நொடித்துப்போனால் சென்னைக் கோட்டையைத்தான் பார்த்து நிற்க வேண்டும். அமெரிக்காவில் சட்டமும் உண்டு, திவாலான ஊர்களும் உண்டு.

சென்ட்ரல் ஃபால்ஸ், 2011: பத்திரக்காரருக்கே வரிப் பணத்தில் முதல் உரிமை என்று ரோட் ஐலண்ட் மாநிலம் முன்கூட்டியே சட்டம் போட்டுவிட்டது. அவர்களுக்கு முழுப் பணம், ஓய்வூதியருக்கு 55 சதவீதம் வரை வெட்டு. பின்னால் மாநிலம் கொஞ்சம் ஈடுகட்டியது. பத்திரக்காரரை ஏமாற்றினால் நாளைக்கு யார் கடன் தருவார் என்பது மாநிலத்தின் வாதம். நியாயமான கேள்விதான், 2001-இல் ரிங் ரோட்டுக்காக மதுரை மாநகராட்சியும் பத்திரம் வெளியிட்டிருக்கிறது. ஆனால் பத்திரம் வாங்குபவர் ஆபத்துக்குத் தகுந்த வட்டி கேட்டு வாங்குகிறார். விளக்குத்தூண் பக்கம் விடியற்காலையில் குப்பை அள்ளியவரிடம் அப்படி யாரும் பேரம் பேசவில்லை. ஓய்வூதியம் கருணைத்தொகை அல்ல, உழைத்ததற்கான உரிமை என்று 1982-இலேயே உச்ச நீதிமன்றம் நகாரா வழக்கில் சொல்லிவிட்டது.

ஸ்டாக்டன், 2012: நேர் எதிர். பென்ஷனில் ஒரு சென்ட்கூட குறையவில்லை. பெரிய முதலீட்டு நிறுவனம் ஒன்றுக்கு, அடமானம் இல்லாத கடனில் டாலருக்குச் சுமார் ஒரு சென்ட்தான் கிடைத்தது. பரவாயில்லையே என்று தோன்றும். ஓய்வூதியரின் மருத்துவக் காப்பீடு என்ன ஆனது என்று பார்த்தால்தான் விஷயம் தெரியும்: 54.5 கோடி டாலர் பாக்கி, 51 லட்சத்தில் முடிக்கப்பட்டது.

டெட்ராய்ட், 2013: நடுவழி. அருங்காட்சியக ஓவியங்களை விற்காமல், அறக்கட்டளைகளும் மாநிலமும் அருங்காட்சியகமும் சேர்ந்து ஓய்வூதிய நிதிக்கு 81.6 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டன. பொது ஊழியரின் பென்ஷனில் வெட்டு 4.5 சதவீதம்தான், ஆனால் விலைவாசிக்கேற்ற ஆண்டு உயர்வு போயே போய்விட்டது. போலீஸ், தீயணைப்புக்காரர்களுக்கு அடிப்படைத் தொகை தப்பியது, ஆண்டு உயர்வில் பாதிக்கு மேல் போனது.

எனக்கு அந்த 4.5-ஐ விட இந்த ஆண்டு உயர்வுதான் உறுத்துகிறது. விலைவாசி வருடம் 5 சதவீதம் ஏறினால், உயராத 20,000 ரூபாய் 14 வருடத்தில் பாதி மதிப்புக்கு வந்துவிடும். திவால் மனு, கோர்ட் எதுவுமே வேண்டாம். அகவிலைப்படி உயர்வு ஆண்டுக்கணக்கில் நின்றுபோன நம் போக்குவரத்துக் கழக ஓய்வூதியர்களைக் கேட்டால் தெரியும்.

அதனால் என் ஓட்டு ஸ்டாக்டனின் வரிசைக்குத்தான். ஆனால் அகவிலைப்படியும் மருத்துவமும் பென்ஷனோடு சேர்ந்தே காக்கப்பட வேண்டும். வெட்டித்தான் ஆக வேண்டுமா? சரி, மாதம் லட்சத்துக்கு மேல் வாங்குபவரிடம் ஆரம்பிக்கட்டும். அதற்கும் முன்னால், சொத்து வரி பாக்கியோடு ஸ்டே வாங்கி உட்கார்ந்திருக்கும் வணிக வளாகங்களின் பட்டியலை எடுக்கட்டும்.