ஃபோனும் லேப்டாப்பும் ஒன்றாக இணையும் இயர்பட்ஸ்: மைக்கைத் தொடாதவரை அருமை

பாட்டு கேட்க மட்டும் என்றால் தாராளமாக வாங்கலாம். மீட்டிங்கில் பேசவும் இதுவே போதும் என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள்.

பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் மல்டிபாயின்ட், அதாவது ஒரே நேரத்தில் இரண்டு கருவிகளோடு இணையும் வசதி, உண்மையாகவே வேலை செய்கிறது. லேப்டாப்பில் படம் ஓடும்போது ஃபோன் அடித்தால் படத்தின் சத்தம் அடங்கி அழைப்பு காதுக்கு வந்துவிடும், பேசி முடித்தால் படம் தொடரும், நடுவில் மெனுவுக்குள் போய் எதையும் மாற்ற வேண்டாம். ஆனால் இரண்டின் சத்தமும் சேர்ந்து கேட்காது.

இனி வில்லங்கம். மீட்டிங்கில் மைக்கை ஆன் செய்ததுமே, அதுவரை தெளிவாக இருந்த சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடுகிறது. இது கம்பெனியின் குறை மட்டும் அல்ல, வழக்கமான ப்ளூடூத் இயங்கும் விதமே அதுதான்: பாட்டு ஏ2டிபி என்ற ஒருவழிப் பாதையில் ஸ்டீரியோவாக வருகிறது, மைக் தேவைப்பட்டதும் ஹெச்எஃப்பி என்ற இருவழிப் பாதைக்கு மாறி மோனோவாகி, ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளந்து பதிகிறது என்ற மாதிரி வேகமும் (சாம்பிள் ரேட்) 44.1 கிலோஹெர்ட்ஸிலிருந்து பெரும்பாலும் 16க்கு, பழைய கருவி என்றால் 8க்கே இறங்கிவிடும். இதற்கு மாற்றாக 2020இல் ப்ளூடூத் 5.2 பதிப்போடு எல்இ ஆடியோ என்ற புதிய ஒலி முறை அறிவிக்கப்பட்டது. இதன் பெட்டியிலோ 5.3 என்று போட்டிருக்கிறார்கள், அப்படியென்றால் எல்இ ஆடியோவும் இருக்கும்தானே என்று தேடினால் இல்லை! அது கட்டாய அம்சம் இல்லையாம், சேர்ப்பதும் விடுவதும் தயாரிப்பவர் விருப்பம். அதனால் எந்த இயர்பட்ஸ் வாங்கினாலும் பதிப்பு எண்ணை நம்பாமல் 'எல்இ ஆடியோ' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள், ஃபோனிலும் லேப்டாப்பிலும்கூட அது இருக்க வேண்டும்.

தூரம் 10 மீட்டர் என்கிறார்கள். திறந்த இடத்தில் சரி, ஆனால் ஃபோனைப் பின்பாக்கெட்டில் வைத்து நடந்தால் அவ்வப்போது விட்டுவிட்டுக் கேட்கிறது, ஏனென்றால் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நம் உடம்பில் இருக்கும் தண்ணீரே உறிஞ்சிக்கொள்ளும். வைஃபை நெரிசலை மட்டும் நன்றாகவே சமாளிக்கிறது. 79 சேனல்களில் நொடிக்கு 1,600 முறை வரை தாவும் ப்ளூடூத்தின் நுட்பம், இரைச்சல் உள்ள சேனல்களைத் தானே ஒதுக்கிவிடும். ஓடும் மைக்ரோவேவ் அடுப்பின் பக்கத்தில் போனால் அதற்கும் கொஞ்சம் திணறல்தான்.

மீட்டிங்குக்கு ஒரு வழி இருக்கிறது. செட்டிங்ஸில் மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்துவிட்டு, கேட்பதற்கு மட்டும் இயர்பட்ஸை வைத்துக்கொள்ளுங்கள், சத்தம் பழையபடி தெளிவாகிவிடும். அப்புறம், சார்ஜிங் கேஸின் மூடி ரொம்ப லூஸ், பையில் போட்டால் தானாகத் திறந்துகொள்கிறது, உடனே பட்ஸ் உயிர்பெற்று ஃபோனோடு ஒட்டிக்கொள்ள, வரும் அழைப்பெல்லாம் பைக்குள் பேசிக்கொண்டிருக்கும்.