படகில் பாட்டு: பெரிய ஆல்டர்நேட்டரா, இரண்டாவது பேட்டரியா, சோலாரா?

அக்கா மகன் படகுக்கு ஒரு ஆம்ப்பும் (ஆம்ப்ளிஃபையர்) நாலு ஸ்பீக்கரும் ஒரு சப்ஊஃபரும் வாங்கி மாட்டினான். கடலூர் முதுநகரில் உப்பனாற்றுப் பக்கம் கட்டியிருக்கும் செவுள் வலைப் படகு அது. ஆறு பேர் போய் இரண்டு ராத்திரி கடலில் தங்கி வருவார்கள். வலையை விட்டு எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருக்கும் நேரம்தான் இந்தத் தொழிலில் நீளமானது. அந்த இருட்டில் தூக்கம் வராமல் இருக்க நாலு பாட்டு வேண்டும் என்பது நியாயமான ஆசை. இரண்டாம் நாள் விடியற்காலை செல்ஃப் அடித்தால் ‘டிக்’ என்று ஒரே ஒரு சத்தம், அதோடு சரி. கடலில் பேசும் ரேடியோவான வி.எச்.எஃப். பெட்டியிலும் வெளிச்சம் இல்லை. பக்கத்துப் படகுக்காரர் பேட்டரி கொடுத்து உதவியதால் கரை வந்து சேர்ந்தார்கள்.

“மாமா, ஆல்டர்நேட்டரைப் பெருசா மாத்திட்டா சரியாயிடுமா?” என்று வந்து நின்றான். எஞ்சின் சுற்றும்போது கரண்ட் உண்டாக்கிப் பேட்டரிக்கு ஏற்றுவதுதான் ஆல்டர்நேட்டர்.

“மாப்ள, பாட்டு ஓடுற நேரத்துல எஞ்சின் ஓடுதா?” என்று கேட்டேன். அவனுக்குப் பதில் அப்போதே புரிந்துவிட்டது.

இந்த அலசல் முழுக்க அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான். எந்தக் கருவி பெரியது என்று பார்த்து வாங்காதீர்கள். எத்தனை மணி நேரம் எத்தனை ஆம்பியர் வெளியே போகிறது, திரும்ப எத்தனை உள்ளே வருகிறது, அதைப் பேட்டரியால் வாங்கிக்கொள்ள முடிகிறதா? இந்த மூன்றையும் தெரிந்துகொண்டால் எதற்குப் பணம் போடுவது என்று தானே தெரிந்துவிடும்.

அவன் படகில் கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டிப் பார்த்தேன். ஆம்ப் பெட்டியில் 1000 வாட் என்று அச்சடித்திருந்தது. அந்த எண்ணை மறந்துவிடலாம். பாட்டு ஒரே சீராகக் கரண்ட் எடுக்காது. அவர்கள் வைக்கும் சத்தத்தில் சராசரியாக 10 ஆம்பியர், அடி விழும் இடத்தில் மட்டும் 25, 30 வரை துள்ளியது. ஆறு மணி நேரம் ஓடினால் 60 ஆம்பியர்-அவர். ஜி.பி.எஸ்., வி.எச்.எஃப்., ஆழம் பார்க்கும் எக்கோ சவுண்டர், விளக்குகள் எல்லாம் சேர்ந்து ராத்திரிக்கு இன்னொரு 30. ஆக ஒரு ராத்திரிக்கு 90. இருப்பது 100 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்றே ஒன்று. அதில் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுசு குறையும் என்பதால் செலவழிக்கத் தகுந்தது 50தான். அது உட்காராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

வரவுப் பக்கம் ஆல்டர்நேட்டரின் மேல் 35 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. குளிர்ந்த நிலையில், வேகமாகச் சுற்றும்போது கிடைக்கும் அளவு அது. எஞ்சின் அறைச் சூட்டில் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு 22, 25தான் வந்தது. வலை இழுக்கும்போது எஞ்சின் மெதுவாக ஓடும் நேரத்தில் 8 ஆம்பியர்.

முதலில் செலவைக் குறைப்பதா, வரவைக் கூட்டுவதா

செலவைக் குறைப்பதைத்தான் முதலில் பாருங்கள். ஆல்டர்நேட்டர், பேட்டரி, சோலார் எல்லாவற்றையும் விட மலிவான வழி இது. பழைய ஏபி வகை ஆம்ப் எடுக்கும் கரண்டில் பாதிக்குக் கிட்டத்தட்ட சூடாகவே போய்விடும். டி வகை ஆம்ப் 80 சதவீதத்துக்கு மேல் ஸ்பீக்கருக்குக் கொடுக்கும். கை வைத்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். இவன் ஆம்ப்பின் மேல் கை வைக்க முடியவில்லை.

ஸ்பீக்கர் பெட்டியில் யாரும் படிக்காத வரி ஒன்று உண்டு: சென்சிட்டிவிட்டி, அதாவது கொடுக்கும் வாட்டுக்கு எவ்வளவு சத்தம் வரும் என்ற அளவு. 87 டெசிபெல் என்று போட்ட ஸ்பீக்கருக்கும் 93 என்று போட்ட ஸ்பீக்கருக்கும் 6 டெசிபெல் வித்தியாசம். அதே சத்தத்துக்கு 93-க்கு நாலில் ஒரு பங்கு வாட் போதும். ஆல்டர்நேட்டரை நாலு மடங்கு பெரிதாக்குவதை விட ஸ்பீக்கரை மாற்றுவது எவ்வளவோ சுலபம்.

சப்ஊஃபரைப் பற்றியும் சொல்ல வேண்டும். காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டால் பேஸ் உள்ளேயே நிறையும். திறந்த படகில் அது காற்றோடு போய்விடும். காரில் கேட்ட அதே அடியை அணியத்தில் (படகின் முன்பக்கம்) உட்கார்ந்து கேட்க வேண்டுமானால் பல மடங்கு வாட் கொட்ட வேண்டும். நான் சொன்னதும் அவன் முகம் வாடியது, ஆனாலும் கழற்றினான். டி வகை ஆம்ப், நல்ல ஸ்பீக்கர் நாலு, சப்ஊஃபர் இல்லை. இப்போது சராசரி 5 ஆம்பியர். ராத்திரிக் கணக்கு 90-லிருந்து 60-ஆக இறங்கியது.

ஒரு கடையில் அவனுக்கு 1 ஃபேரட் அளவுள்ள கெப்பாசிட்டர் (கரண்டைக் கொஞ்சம் தேக்கி வைக்கும் உறுப்பு) ஒன்றும் விற்றிருந்தார்கள், ‘பேட்டரி இறங்காது’ என்று சொல்லி. 14 வோல்ட்டிலிருந்து 12-க்கு இறங்கும்போது அது கொடுப்பது 26 ஜூல். 400 வாட் இழுக்கும் ஆம்ப்புக்கு அது ஒரு விநாடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் கூடத் தாங்காது. பேட்டரி இறங்குவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

பேட்டரியை மட்டும் பெரிதாக்கினால்

அதிகம் பேர் செய்வது இதுதான். 100-ஐக் கழற்றிவிட்டு 150 போடுவார்கள். ஒரு வாரம் சந்தோஷமாக ஓடும். வரவு கூடவே இல்லையே! ஒவ்வொரு முறையும் முழுசாக நிரம்பாமலே கரை வரும், மறுபடி இறங்கும். பாதி நிரம்பியே கிடக்கும் லெட் ஆசிட் பேட்டரியில் சல்ஃபேட் படிந்து கெட்டியாகி, 150 என்று வாங்கியது சில மாதத்தில் 80 மாதிரி நடந்துகொள்ளும். எல்லாவற்றுக்கும் ஒரே பேட்டரி என்ற ஆபத்தும் அப்படியே இருக்கும். ஒவ்வொரு முறையும் கழற்றிக் கரையில் சார்ஜ் போடுகிறவர்களுக்கு மட்டும் இது சரிவரும்.

பெரிய ஆல்டர்நேட்டர்

90 ஆம்பியர் ஆல்டர்நேட்டர் கார், லாரி எலக்ட்ரிக்கல் கடைகளில் கிடைக்கும். மாட்டுவதற்கு பிராக்கெட் அடிக்க வேண்டும், புல்லி ஒத்துவர வேண்டும். 25 ஆம்பியருக்குச் சுமார் ஒரு குதிரைத்திறன் எஞ்சினிலிருந்து போகும். டீசல் கணக்கில் அது பெரிய விஷயம் இல்லை, பெல்ட்டுக்குத்தான் பெரிய விஷயம். ஒற்றை வி-பெல்ட் அந்தச் சுமையில் வழுக்கிக் கருப்புத் தூளாகக் கொட்டும்.

இத்தனையும் செய்த பிறகு பேட்டரி அதை வாங்கிக்கொள்ளுமா? தண்ணீர் ஊற்றும் சாதா பேட்டரி தன் கொள்ளளவில் நாலில் ஒரு பங்கு வேகத்தில்தான் சார்ஜ் எடுக்கும். 100 ஆம்பியர்-அவருக்கு 25 ஆம்பியர். அதுவும் 80 சதவீதம் வரைக்கும்தான்; கடைசி 20 சதவீதத்துக்கு மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாக ஏறும். குறுகிய கழுத்துக் குடத்தில் பெரிய குழாயைத் திறந்துவிட்ட கதை. இருக்கும் 35 ஆம்பியர் ஆல்டர்நேட்டரே அந்தக் குடத்துக்குக் கிட்டத்தட்டப் போதும்.

இழுவலைப் படகு என்றால் பேச்சே வேறு. அங்கே எஞ்சின் ராத்திரி முழுக்க ஓடும், பாட்டும் எஞ்சினும் ஒன்றாக ஓடும். இருக்கிற ஆல்டர்நேட்டரே பாட்டைத் தூக்கிவிடும். மெதுவான ஓட்டத்தில் 13.5 வோல்ட்டுக்குக் கீழே போனால் மட்டும் புல்லி அளவை மாற்றிப் பாருங்கள். பெரிய ஆல்டர்நேட்டர் உண்மையிலேயே வேலை செய்வது லித்தியம் வைத்திருப்பவர்களுக்கு. அதன் சிக்கலைக் கீழே சொல்கிறேன்.

இரண்டாவது பேட்டரி

என் தீர்ப்பு இந்தப் பக்கம்தான். காரணம் பாட்டு இல்லை. கடலில் எஞ்சின் எடுக்க ஒரு பேட்டரி எப்போதும் கை படாமல் இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் காற்று திரும்பும்போது எஞ்சின் எடுக்காமல் முகத்துவாரத்துக்கு வெளியே நிற்பது என்ன என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். செல்ஃபுக்கு ஒன்று, மற்ற எல்லாவற்றுக்கும் ஒன்று.

ஒரே ஆல்டர்நேட்டரிலிருந்து இரண்டுக்கும் எப்படிப் பிரித்துக் கொடுப்பது என்பதில் நாலு வழி. கையால் திருப்பும் சுவிட்ச் மலிவு. ஆனால் தூக்கக் கலக்கத்தில் இரண்டையும் சேர்த்தே விட்டுவிடுவார்கள், இரண்டும் இறங்கும். எஞ்சின் ஓடும்போது சுவிட்சை அணைத்து இரண்டு பேட்டரியையும் விடுவித்துவிட்டால் ஆல்டர்நேட்டரின் டயோடு (கரண்டை ஒரே பக்கம் மட்டும் விடும் பாகம்) போய்விடும். டயோடு ஐசொலேட்டர் தானாகப் பிரிக்கும், ஆனால் வழியிலேயே 0.6, 0.7 வோல்ட்டைத் தின்றுவிடும். 14.4 கிளம்பினால் பேட்டரிக்குப் போய்ச் சேர்வது 13.7. அந்த வோல்ட்டில் லெட் ஆசிட் பேட்டரி முழுசாக நிரம்பாது. மூன்றாவது, வோல்ட் பார்த்துச் சேரும் ரிலே. எஞ்சின் பேட்டரி 13.3-க்கு மேல் ஏறியதும் இரண்டையும் சேர்க்கும், 12.8-க்கு இறங்கினால் பிரித்துவிடும். இழப்பு இல்லை, யாரும் தொட வேண்டியதில்லை. இரண்டும் லெட் ஆசிட் என்றால் இதற்கு மேல் தேடாதீர்கள்.

நாலாவது, டிசி-டிசி சார்ஜர். ஆல்டர்நேட்டரிலிருந்து அளவோடு மட்டும் கரண்ட் எடுத்து இரண்டாவது பேட்டரிக்கு ஏற்றும் பெட்டி இது. விலை கூட. இரண்டாவது பேட்டரி லித்தியம் என்றால் இது கட்டாயம். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி கொடுப்பதை எல்லாம் அப்படியே இழுத்துக்கொள்ளும். சின்ன ஆல்டர்நேட்டர் நிறுத்தாமல் முழு அளவில் ஓடிச் சூட்டில் கருகிவிடும். லித்தியம் பேட்டரியின் உள்ளே இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட் திடீரென்று துண்டித்தாலும், கரண்டுக்குப் போக இடமில்லாமல் வோல்ட் எகிறி டயோடு போகும். நடுவில் 20 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் இருந்தால் இரண்டு தொல்லையும் இல்லை.

லித்தியமா, ட்யூபுலரா? 100 ஆம்பியர்-அவர் லித்தியம் 12 கிலோ வாக்கில். அதில் 80, 90 வரை எடுக்கலாம். வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கும் 150 ட்யூபுலர் 50 கிலோவைத் தாண்டும், உயரம் கூட, படகு ஆடினால் ஆசிட் சிந்தும், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் விடும். ஆனாலும் ஆழமாக இறக்கி ஏற்றுவதைத் தாங்கும், விலையும் குறைவு, கெட்டால் எந்த ஊரிலும் கிடைக்கும். கையில் காசு இருந்தால் நான் லித்தியம்தான் சொல்வேன். அவன் கையில் இருந்தது ட்யூபுலருக்குத்தான். காற்றோட்டமான பெட்டிக்குள் பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டினோம்.

24 வோல்ட் படகுக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வரிசையாக இணைத்த இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்து ஸ்டீரியோவுக்குக் கொடுப்பது வழக்கமாக இருக்கிறது. அந்த ஒன்று என்றைக்கும் நிரம்பாது, மற்றது அளவுக்கு மீறி ஏறிக் கொதிக்கும். இரண்டும் சேர்ந்தே சாகும். 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்று வாங்கி இரண்டுக்கும் பொதுவாக மாட்டுங்கள்.

சோலார்

கூரை இருந்தால் 100 வாட் பேனல் ஒன்று. படுக்கை வாட்டில் வைத்து, உப்புப் படிவும் நிழலும் போக, நல்ல வெயில் நாளில் 25 ஆம்பியர்-அவர் எதிர்பார்க்கலாம். தனியாக இது பாட்டைத் தாங்காது. ஆனால் எங்கள் கணக்கில் விழுந்த ஓட்டையை இதுதான் அடைத்தது. ராத்திரி செலவு 60, அதைத் திருப்பி ஏற்ற இழப்போடு 70 வேண்டும். எஞ்சின் மூன்று மணி நேரம் ஓடும்போது இரண்டாவது பேட்டரிக்குச் சராசரி 15 வீதம் 45 வருகிறது. மீதி 25 பேனல் கொடுக்கிறது. மேகம் மூடிய மழைக்காலத்தில் இதில் பாதி கூட வராது. அப்போது பாட்டு நேரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பேனல் தன் விலைக்கு வேலை செய்யும் காலம் இன்னொன்று இருக்கிறது: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. கத்திரி வெயிலில் கட்டிக் கிடக்கும் படகில் பேட்டரி தானாகவே இறங்கும். தடை முடிந்து கிளம்பும் அன்று புது பேட்டரி வாங்க ஓடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். தண்ணீர் மட்டத்தைச் சரிபார்த்துவிட்டு, சார்ஜைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலரோடு பேனலை விட்டுவைத்தால் அந்தச் செலவு இல்லை.

மாசி மகத்துக்கு ஒரு நாள் பெரிய செட் ஓட வேண்டும் என்பதற்காக மட்டும் இதையெல்லாம் பெரிதாக்காதீர்கள். அன்றைக்கு ஒரு பேட்டரியை இரவல் வாங்கி ஏற்றிக்கொள்ளுங்கள்.

ஒயர்

இதை விட்டுவிட்டு என்ன வாங்கினாலும் வீண். ஆம்ப்பில் மீட்டர் முள்ளை வைத்தேன். பேட்டரியில் 12.4. ஆம்ப்பில் ஒவ்வொரு அடிக்கும் 11.2-க்கு விழுந்து எழுந்தது. வீட்டு வேலைக்கு வாங்கிய 4 சதுர மில்லிமீட்டர் ஒயர், போக வர 10 மீட்டர். 25 ஆம்பியர் ஓடும்போது 1.2 வோல்ட் ஒயரிலேயே போகிறது. ஒயர் முனையில் இருக்கும் லக்கைக் கழற்றி உறையைச் சீவினால், ஒரு விரல் நீளத்துக்குச் செம்பு பச்சை பூத்துப் பொடியாக உதிர்ந்தது. உப்பு உள்ளே ஏறிப் போயிருக்கிறது. 16 சதுர மில்லிமீட்டர், ஈயம் பூசிய செம்பு ஒயர் போட்டோம். அதே இடத்தில் இப்போது விழுவது 0.3 வோல்ட். லக்கை அழுத்தி, பசை உள்ள சுருங்கும் ஸ்லீவ் போட்டு மூடினோம். பிளஸ் ஒயரில் ஃபியூஸ், பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள். ஆம்ப் பக்கத்தில் ஃபியூஸ் வைத்துவிட்டு நடுவில் ஒயர் உரசித் தீப்பிடித்தால் அந்த ஃபியூஸ் எதற்கும் ஆகாது.

வி.எச்.எஃப். பெட்டியின் ஸ்பீக்கரைப் பாட்டு ஸ்பீக்கரிலிருந்து தள்ளி, சுக்கான் பிடிப்பவர் காதருகே மாற்றி வைத்தேன். அவசர அழைப்புக்கான சேனல் 16-ல் யாராவது கூப்பிட்டால் பாட்டுக்கு நடுவிலும் கேட்க வேண்டும்.

போன வாரம் இரண்டு ராத்திரி தங்கிவிட்டு வந்ததும் அவனே மீட்டரை வாங்கிப் பார்த்தான். பாட்டு பேட்டரி 12.3. எஞ்சின் பேட்டரி 12.7. “மாமா, செல்ஃப் ஒரே அடிதான்” என்றான். அடுத்தது அந்தப் பழைய பெல்ட்டை மாற்ற வேண்டும். ஓரத்தில் நூல் பிரிந்திருக்கிறது.