சுக்குவுக்கு 30 நாள்: கூட்டிப்போவதா, விட்டுப்போவதா

என் கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை உறுதியானதும் காரைக்குடி வீட்டில் எல்லோரும் வாடகை, பள்ளிக்கூடம், எந்தப் பாத்திரத்தை எடுத்துப்போவது என்று பேசிக்கொண்டிருந்தோம். மகள் மட்டும் ஒன்றே ஒன்று கேட்டாள்: "அப்ப சுக்கு?"

சுக்கு எங்கள் பூனை. பெண், நாலு வயது, பெயருக்கு ஏற்ற நிறம். இந்தியாவிலிருந்து வரும் பூனை என்பதால் அங்கே இறங்கியதும் குறைந்தது 30 நாள் தனிமை என்று எங்களுக்குச் சொன்னார்கள். விமான நிலையத்திலிருந்து நேராக அரசின் விலங்குத் தனிமை மையம். ஒரு மாதம் கழித்துத்தான் வீடு. இதில் கோபப்பட ஒன்றுமில்லை. சிங்கப்பூரில் 1953க்குப் பிறகு வெறிநோய் (ரேபிஸ்) இல்லை, நம் ஊரில் இருக்கிறது. அவர்கள் இடத்தில் நாம் இருந்தாலும் அப்படித்தான் செய்வோம்.

எங்கள் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. 30 நாளைச் சகித்துக்கொண்டு கூட்டிப்போவது ஒன்று. காரைக்குடி வீட்டிலேயே விட்டுவிட்டு, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அக்காவிடம் பொறுப்பைக் கொடுப்பது இரண்டாவது. மதுரையில் ஒரு தோழி வீட்டுக்கு நிரந்தரமாகக் கொடுத்துவிடுவது மூன்றாவது. இப்போது சுக்கு என் பக்கத்து நாற்காலியில் சுருண்டு படுத்திருக்கிறது, ஆகவே எதைத் தேர்ந்தெடுத்தோம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. எதனால் என்பதுதான் விஷயம். முதலில் நான் இரண்டாவது வழிப் பக்கம்தான் சாய்ந்திருந்தேன்.

மூன்றாவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தோழி அருமையானவள், அவள் வீட்டில் வேறு பூனையும் கிடையாது. கைக்குழந்தை, கடுமையான ஒவ்வாமை, ஒரு வருடத்தில் நாடு மாறிக்கொண்டே இருக்கும் வேலை என்று காரணம் இருப்பவர்களுக்கு இது நல்ல வழி. ஆனால் கொடுத்தால் கொடுத்ததுதான். இரண்டு வருடம் கழித்து ஊருக்கு வந்து திருப்பிக் கேட்பது அந்தப் பூனைக்கும் நியாயம் இல்லை, வளர்த்தவளுக்கும் நியாயம் இல்லை.

போகிற நாடு வேறாக இருந்தால் இந்தக் கணக்கே மாறும் என்பதையும் சொல்ல வேண்டும். என் தங்கை பிரிட்டனுக்குப் பூனையைக் கொண்டுபோனாள். அடையாளத்துக்குத் தோலுக்கடியில் சிப் வைத்து, ரேபிஸ் ஊசி போட்டு, 30 நாள் கழித்து ரத்தப் பரிசோதனை, ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் காத்திருப்பு. காகிதம் எல்லாம் சரியாக இருந்தால் அங்கே இறங்கிய பிறகு தனிமை கிடையாது. ஜப்பானுக்கு அந்தக் காத்திருப்பு 180 நாள். அதை நம் வீட்டிலேயே கழித்துவிட்டால் இறங்கிய இடத்தில் சில மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். ஆஸ்திரேலியா இதற்கு நேர் எதிர். இந்தியாவிலிருந்து பூனையை நேரடியாகக் கொண்டுபோகவே முடியாது, இடையில் அவர்கள் ஏற்கும் வேறு நாட்டில் மாதக்கணக்கில் இருந்துதான் போக வேண்டும். வீட்டிலேயே கழிக்கக்கூடிய காத்திருப்பு என்றால் யோசிக்காமல் கூட்டிப்போங்கள். எங்களுடையது அங்கே, நாங்கள் இல்லாத இடத்தில் கழிக்க வேண்டிய 30 நாள். அதனால்தான் இத்தனை யோசனை.

இனி வீட்டில் விட்டுப்போவது. சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது இதைத்தான். "நாய் ஆளோட, பூனை வீட்டோட" என்று என் மாமியார் பத்து தடவையாவது சொல்லியிருப்பார். அதில் உண்மை இல்லாமல் இல்லை. முகப்பிலிருந்து பின்கட்டு வரை ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குப் போகும் வீடு எங்களுடையது. வெயில் காலத்தில் சுக்கு ஆத்தங்குடிக் கல் தரையில் வயிற்றை ஒட்டிக்கொண்டு கிடக்கும், மழை வந்தால் முற்றத்து ஓரமாக உட்கார்ந்து கூரையிலிருந்து ஒழுகும் தண்ணீரைப் பார்க்கும். இதைவிட நல்ல இடத்தை எந்த அடுக்குமாடியிலும் கொடுக்க முடியாது. மாமியார் சென்னையில் பெரிய மகனோடு இருக்கப் போகிறார் என்றாலும் அக்கா இருக்கிறார், வீடு இருக்கிறது, போதும் என்று நானும் நினைத்தேன்.

அந்த நினைப்பை மாற்றியது ஒரு சோற்றுத் தட்டு.

கோயம்புத்தூரில் ஒரு கல்யாணம், ஆறு நாள் எல்லோரும் வெளியூரில். அக்கா ஒரு நாளைக்கு இரண்டு வேளை தட்டு வைத்தார். தினமும் போனில் கேட்டேன். "வச்ச தட்டு வழிச்செடுத்தாப்புல காலியாயிருதும்மா, நீங்க கவலையே படாதீங்க" என்றார். திரும்பி வந்து சுக்குவைத் தூக்கியதும் கை சொல்லிவிட்டது, முதுகெலும்பு விரலில் தட்டியது. மருத்துவரிடம் எடை போட்டால் 4 கிலோ இருந்தது 3.6 ஆகியிருந்தது.

மறுநாள் நான் தட்டை அதே இடத்தில் வைத்துவிட்டு ரெண்டாங்கட்டுத் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். இரண்டு நிமிடத்தில் ஒரு மைனா வந்தது, அப்புறம் இன்னொன்று. ஒரு அணில் ஒரு பருக்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தூணைச் சுற்றி ஓடியது. பிறகு எதிர் வீட்டுக் கடுவன் பூனை ஓட்டிலிருந்து இறங்கி மீதி அத்தனையையும் தின்றுவிட்டு, உதட்டை நக்கிக்கொண்டு வந்த வழியே போனது. சுக்கு இவ்வளவு நேரமும் நெல்லு அறை வாசப்படியில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் எழுந்து போய் பக்கத்தில் உட்கார்ந்து புதிதாகச் சோறு வைத்த பிறகுதான் சாப்பிட்டது. அக்கா சொன்னதில் பொய் இல்லை. தட்டு காலியானது உண்மை. யார் காலி செய்தார்கள் என்பது யாருக்கும் தெரியவில்லை.

இதை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், பூனையின் பட்டினி நாயின் பட்டினி மாதிரி இல்லை. நாய் இரண்டு நாள் சாப்பிடாவிட்டால் மூன்றாம் நாள் சேர்த்துச் சாப்பிட்டு எழுந்துவிடும். பூனை தொடர்ந்து இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டால் உடம்பில் இருக்கும் கொழுப்பு கரைந்து ஈரலில் போய் அடைய ஆரம்பிக்கும். ஈரல் கெட்டால் குமட்டும், குமட்டினால் இன்னும் சாப்பிடாது. கொழுத்த பூனைக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். கண்ணும் காதும் மஞ்சளாகிற நிலைக்கு வந்துவிட்டால் மூக்கு வழியாகவோ கழுத்து வழியாகவோ குழாய் போட்டு வாரக்கணக்கில் ஊட்ட வேண்டியிருக்கும் என்று மருத்துவர் சொன்னார். இடம் மாறினாலும், ஆள் மாறினாலும் பூனை முதலில் விடுவது சாப்பாட்டைத்தான்.

அதனால் எனக்குக் கேள்வியே மாறிவிட்டது. "எங்கே நிம்மதியாக இருக்கும்?" என்று கேட்டால் காரைக்குடி வீடுதான் பதில். "இன்றைக்குச் சாப்பிட்டதா என்று யார் பார்த்துச் சொல்வார்கள்?" என்று கேட்டால் பதில் வேறு. மூன்று கட்டு வீட்டில், திறந்த முற்றத்தில், ஒரே ஒரு அக்கா கூட்டிப் பெருக்கவும் பூட்டித் திறக்கவும் இருக்கிற இடத்தில், அதை எப்படிப் பார்ப்பது? தனிமை மையத்து அறையில் வேறு பூனை இல்லை, அணில் இல்லை. வைத்தது குறைந்தால் அது சுக்கு தின்றது, மணல் தட்டில் இருப்பது சுக்கு போனது. நான் பயந்த அதே பூட்டிய கதவுதான் எனக்குத் தைரியம் கொடுத்தது.

தைரியம் வந்தால் போதாதே, தயார் செய்ய வேண்டும். காகித வேலைக்கு எப்படியும் மாதங்கள் ஆகும், அந்த மாதங்களைத்தான் நாங்கள் பழக்கப்படுத்தப் பயன்படுத்தினோம். அவர் முன்னால் போய்விட்டார். மகளின் பள்ளி ஆண்டு முடியும் வரை நாங்கள் இருவரும் ஊரில்.

சுக்குவின் சாப்பாடு மோர்ச் சோறும் நெத்திலியும். அதை எந்த மையத்தில் எதிர்பார்க்க முடியும்? கடையில் விற்கும் உலர் தீனியை முதல் வாரம் ஒரு கரண்டி மட்டும் கலந்து, மேலே வறுத்த நெத்திலிப் பொடியைத் தூவினோம். வாரத்துக்கு வாரம் சோற்றைக் குறைத்து, பொடியையும் குறைத்து, முழுசாக மாற ஏழு வாரம் ஆனது. அவசரப்பட்டிருந்தால் வீட்டிலேயே பட்டினி கிடந்திருக்கும். தோட்டத்து மண்ணில் போய்ப் பழகிய பூனைக்கு முதலில் தட்டில் அதே மண்ணைப் போட்டு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கடை மணலைக் கலந்தோம். பயணக் கூண்டைப் பட்டாசாலையில் கதவைத் திறந்தே வைத்து, உள்ளே என் பழைய வாயில் புடவைத் துண்டை விரித்து, சாப்பாட்டை அதற்குள் வைத்தோம். இரண்டாவது மாதத்தில் மத்தியானத் தூக்கமே அதற்குள்தான். நான் பக்கத்தில் உட்காராமல் சாப்பிடப் பழக்குவதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. தினம் ஓரடி தள்ளித் தள்ளி உட்கார்ந்து, கடைசியில் வேறு அறைக்குப் போனேன்.

காகித வேலையில் ஒரே ஒரு எச்சரிக்கை. சிப் முதலில், ஊசி அப்புறம். எங்களுக்கு முதலில் போய் நின்ற இடத்தில் சிப் இல்லாமலேயே ரேபிஸ் ஊசியைப் போட்டுவிட்டார்கள். எந்தப் பூனைக்குப் போட்டது என்று நிரூபிக்க முடியாததால் அது கணக்கில் வராது. திரும்ப முதலிலிருந்து தொடங்கினோம், ஒரு மாதத்துக்கு மேல் போனது. அப்புறம் ரத்தப் பரிசோதனை. எதிர்ப்புச் சக்தி மில்லிலிட்டருக்கு 0.5 யூனிட்டாவது இருக்க வேண்டும். இறக்குமதி அனுமதி, மையத்தில் இடப் பதிவு, கிளம்பும் முன் சென்னையில் இருக்கும் மத்திய அரசின் விலங்குத் தனிமை நிலையத்தில் சான்றிதழ். திருச்சி விமான நிலையம் பக்கத்தில் இருந்தும் நாங்கள் நானூறு கிலோமீட்டருக்கு மேல் காரில் சென்னைக்குப் போனது இந்தச் சான்றிதழுக்காகத்தான். மயக்க மருந்து கொடுக்கவில்லை. விமானத்தில் அது ஆபத்து என்று மருத்துவர் உறுதியாகச் சொல்லிவிட்டார். செலவு எல்லாம் சேர்த்து லட்சத்தைத் தாண்டியது. விட்டுப்போவதற்கு ஆகும் செலவோடு ஒப்பிடவே முடியாது, அதை மறைத்துப் பயனில்லை.

இன்னொரு விஷயம், தனிமை முடிந்த பிறகு போகும் வீடு. சிங்கப்பூரில் அரசு வீடமைப்புக் கழகமான வீவக-வின் அடுக்குமாடிகளில் பல ஆண்டுகளாகப் பூனைக்கு அனுமதி இல்லாமல் இருந்தது. 2024 செப்டம்பர் 1 முதல் உரிமத்தோடு ஒரு வீட்டில் இரண்டு பூனை வரை வைத்துக்கொள்ளலாம். வாடகை வீடு என்றால் வீட்டுச் சொந்தக்காரரிடம் முதலிலேயே பேசிவிட வேண்டும். என் கணவர் பார்த்த முதல் இரண்டு வீடுகள் இதனாலேயே அமையவில்லை.

அந்த 30 நாளைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால், முதல் நாள் எதையும் தொடவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் ஈரத் தீனியை நக்கியிருக்கிறது என்று சொன்னார்கள். அன்றைக்கு இரவு நானும் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் பாதிக் கிண்ணம். நேரம் குறித்துக்கொண்டு முதல் முறை பார்க்கப் போனபோது அலமாரியின் மூலையில் புடவைத் துண்டுக்கு அடியில் இருந்தது. மகள் தரையில் உட்கார்ந்து பேசாமல் கையை மட்டும் நீட்டினாள். பத்து நிமிடம் கழித்து மூக்கை அவள் விரலில் வைத்துவிட்டு, நேராகக் கிண்ணத்துக்குப் போய்ச் சாப்பிட்டது. நாங்கள் பார்க்கப் போன நாட்களில் மட்டும்தான் நன்றாகச் சாப்பிட்டது என்று அங்கிருந்தவர் சொன்னார். அதனால் வாரத்துக்கு இரண்டு தடவை போனோம். அங்கே யாரும் தெரியாத, போய்ப் பார்க்க ஆள் இல்லாத பூனைக்கு இந்த மாதம் இவ்வளவு சுலபமாகப் போயிருக்குமா என்றால், எனக்குச் சந்தேகம்தான். போகும்போது 3.9 கிலோ, வெளியே வரும்போது 3.7.

என் அனுபவம் ஒரு பூனையுடையது. நாலு வயது, ஆரோக்கியமான பெண் பூனை. கடுவன்களுக்குப் பதற்றத்தில் சிறுநீர் அடைத்துக்கொள்வது உண்டு, உடனே கவனிக்காவிட்டால் அது உயிருக்கு ஆபத்தாகும். அப்படி ஒரு தடவையாவது வந்த பூனை என்றால் மருத்துவரிடம் கேட்காமல் என் பேச்சைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். சிறுநீரகக் கோளாறுள்ள பதினைந்து வயதுக் கிழப் பூனையாக இருந்திருந்தால் நான் மதுரைத் தோழியிடம்தான் போய் நின்றிருப்பேன்.

ஆனால் ஊர் வீட்டில் விடுவது என்று முடிவு செய்பவர்கள் கிளம்பும் முன் ஒரு வாரம் இதை மட்டும் செய்து பாருங்கள். நீங்கள் வெளியே போய்விட்டு, பார்த்துக்கொள்ளப் போகிறவரை ஒரு சின்ன அறையில் கதவைச் சாத்திச் சாப்பாடு வைக்கச் சொல்லுங்கள். தினமும் தீனியை எடை போட்டு வைக்கட்டும், மிச்சத்தையும் எடை போடட்டும். வாரக் கடைசியில் பூனையையும் ஒரு தடவை தராசில் நிறுத்துங்கள்.