கவிதைத் தொகுப்பா, கோஸி ஃபேண்டஸியா?

பெங்களூரு சர்ச் ஸ்ட்ரீட் புத்தகக் கடைகளுக்குக் கூட வரும் தோழிகள் கேட்பது இதுதான்: கவிதைத் தொகுப்பா, கோஸி ஃபேண்டஸியா (பெரிய ஆபத்துகள் இல்லாத, மனசுக்கு இதமான மாய உலக நாவல்), இரண்டில் எதை வாங்கட்டும்?

நேரம்: ஒயிட்ஃபீல்டு மெட்ரோவில் நின்றபடியே ஒரு கவிதை முடிந்துவிடும். நாவலுக்கு உட்கார இடமும் ஒரு சனிக்கிழமையும் வேண்டும்.

விலை: கவிதை நூல் மெலிசு, பெரும்பாலும் மலிவு.

மறுவாசிப்பு: இங்கே கவிதைதான் வெகுதூரம் முன்னே. சி.சு. செல்லப்பா 1962இல் தொகுத்த 'புதுக்குரல்கள்' இன்றும் எங்காவது ஒரு வரியில் தைக்கிறது. என் பிரதியில் ஒரே பக்கத்தில் மூன்று நிற மையில் அடிக்கோடுகள். ஒவ்வொரு முறையும் வேறு வரி பிடித்திருக்கிறது. ஆனால் வாக்கியத்தை உடைத்துப் போட்டதோடு நின்றுவிடும் தொகுப்புகளும் இப்போது நிறைய வருகின்றன. அவை இரண்டாம் வாசிப்பைத் தாங்குவதில்லை.

ஆறுதல்: டிராவிஸ் பால்ட்ரீயின் 'லெஜண்ட்ஸ் அண்ட் லாட்டேஸ்' (2022), வாளை ஓரமாக வைத்துவிட்டுக் காபிக்கடை போடும் ஓர் ஓர்க்கின் (மாயக்கதைகளில் வரும் முரட்டு இனத்தவள்) கதை. உலகம் அழியும் அபாயமெல்லாம் இல்லை; அடுப்பில் பட்டை மணக்கும் ரொட்டி, வாசலில் வாடிக்கையாளர்கள், அவ்வளவுதான். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த வாரம் எனக்குக் கவிதை ஓடவேயில்லை. இந்த வகைக் கதைதான் இரவுகளைக் கடத்தியது.

மனசு களைத்திருந்தால் ஃபேண்டஸி எடுங்கள். மொழி மேல் பசி இருந்தால் கவிதை. அதையும் கடையிலேயே நாலு பக்கம் படித்துப் பார்த்துவிட்டு.